ஓட்டைக் குடத்தில் நிற்கும் காற்று

வாஷிங்டனுக்கு அருகே, டல்லஸ் விமான நிலையத்தை ஒட்டி ஸ்மித்சோனியனின் உத்வார்-ஹேஸி அருங்காட்சியகம் இருக்கிறது. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் நிற்கும் அதே கூடத்தில், முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் அலுமினிய உடம்போடு நான்கு எஞ்சின் விமானம் ஒன்றும் நிற்கிறது. போயிங் 307 ஸ்ட்ராட்டோலைனர். செய்தது மொத்தம் 10. முழு விமானமாக மிஞ்சியது இது ஒன்றுதான்.

இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் பி-17 குண்டுவீச்சு விமானத்துடையவை. உடம்பு மட்டும் புதுசு, சுருட்டு போல உருண்டையாக. விஷயமே அந்த உருண்டையில்தான்.

அன்றைய பயணிகள் விமானங்கள் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு போகும். பயணிகள் வாந்தி எடுப்பது சகஜம். சரி, மேகத்துக்கு மேலே ஏறிவிடலாம் என்றால் மூச்சு முட்டும். 14,700 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 57 சதவீதம்தான். ஆக்சிஜனின் பங்கு அங்கும் அதே 21 சதவீதம், ஆனால் ஒரு மூச்சில் கிடைக்கும் அளவு குறைந்துவிடுகிறது.

1940-இல் சேவைக்கு வந்த ஸ்ட்ராட்டோலைனர், அந்த உயரத்தில் பறக்கும்போதும் கேபினுக்குள் 8,000 அடி உயரத்தில் இருக்கும் காற்றழுத்தத்தை வைத்திருந்தது. பயணிகள் விமானத்தில் இதுதான் முதல் முறை. காற்றை உள்ளே அடைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று நினைப்போம். அப்படியில்லை. ஓட்டைக் குடத்தைக் குழாயடியில் வைத்தது போல, கம்ப்ரசர் காற்றை இடைவிடாமல் உள்ளே தள்ளும். ஒரு வால்வு அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தால் மட்டம் ஏறும், திறந்தால் இறங்கும். மூச்சுவிட்ட பழைய காற்றும் அப்படியே போய்விடும்.

இதற்குக் கொடுக்கும் விலை, சுவர்மேல் விழும் சுமை. உள்ளே வெளியே உள்ள அழுத்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு வெறும் இரண்டரை பவுண்டு. கேட்கச் சின்னது. ஒரு சதுர மீட்டருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,750 கிலோ! தட்டையான சுவர் என்றால் அப்பளம் போல உப்பும். உருண்டையான தகடு சைக்கிள் டியூப் மாதிரி. வளைய இடமில்லாமல், சுமை முழுவதும் தகட்டைச் சுற்றி இழுவிசையாகப் பரவிவிடும்.

அருங்காட்சியகத்தில் நிற்கும் இந்த விமானம் ஹைட்டி அதிபர் டுவாலியேயின் சொந்த வாகனமாகவும் இருந்திருக்கிறது. அப்புறம் சியாட்டிலில் ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு முடித்தபின், 2002 மார்ச்சில் ஒரு சோதனைப் பறப்பில் எரிபொருள் தீர்ந்து எலியட் விரிகுடாவில் போய் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. உப்புநீரைக் கழுவி மறுபடி முதலிலிருந்து வேலை. 2003-இல் அது பறந்தே அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது.