புது டிஸ்க் வந்துவிட்டது, எந்தப் பெயரில்?

ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் மெய்நிகர் கணினிக்கு விஎம்வேர் கன்சோலில் 200 ஜிபி டிஸ்க் ஒன்றைச் சேர்த்துவிட்டு, உள்ளே டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்தால், சில சமயம் பழைய டிஸ்க்குகள் மட்டுமே தெரியும். உடனே ரீபூட் செய்துவிடுவது பலருக்கும் பழக்கம். அதற்குத் தேவையே இல்லை. மெய்நிகர் கணினிகளை இயக்கும் ஹைப்பர்வைசர் தன் பங்கை முடித்துவிட்டது. லினக்ஸின் மையமான கர்னல், டிஸ்க்குகள் இணையும் எஸ்சிஎஸ்ஐ பாதையை இன்னும் ஒருமுறை தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். கர்னல் தனக்குத் தெரிந்த சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் கோப்பமைப்பில், ஒவ்வொரு எஸ்சிஎஸ்ஐ ஹோஸ்ட்டுக்கும், அதாவது டிஸ்க்குகள் இணையும் கன்ட்ரோலருக்கும், ஸ்கேன் என்றொரு கோப்பு உண்டு. அதில் இடைவெளிவிட்டு மூன்று சிறுகோடுகளை எழுதினால், டிஸ்க் முகவரியின் பகுதிகளான சேனல், டார்கெட், லன் ஆகிய மூன்றிலும் எண் பார்க்காமல் தேடு என்று பொருள். பெரும்பாலும் அடுத்த நொடியே கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் புது டிஸ்க் வந்து நிற்கும். புதிதாகச் சேர்க்காமல், இருக்கும் டிஸ்க்கின் அளவை மட்டும் கூட்டியிருந்தால் இந்தத் தேடல் உதவாது; அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கின் ரீஸ்கேன் கோப்பில் 1 என்று எழுத வேண்டும்.

இதுவரை எளிது. நான் பட்ட அடி, டிஸ்க் கண்ணில் பட்ட பிறகு வந்தது.

ஒரு டேட்டாபேஸ் சர்வரில் ஓஎஸ் டிஸ்க் (எஸ்டிஏ) 0:0 இடத்திலும் தரவு டிஸ்க் (எஸ்டிபி) 0:2 இடத்திலும் இருந்தன; முதல் எண் கன்ட்ரோலர், இரண்டாவது அதிலுள்ள இடம். நடுவில் 0:1 காலி. எப்போதோ யாரோ ஒரு டிஸ்க்கைக் கழற்றியிருக்கிறார்கள். நாங்கள் சேர்த்த பேக்கப் டிஸ்க்கைக் கன்சோல் அந்தக் காலியிடத்திலேயே பொருத்தியது. ஓடும்போது வந்ததால் கர்னல் அதற்கு அடுத்த பெயரான எஸ்டிசியைக் கொடுத்தது. எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் அந்தப் பெயரையே எழுதினோம். சில வாரங்கள் கழித்து, பேட்ச் போட்டு ரீபூட் செய்தபோது, கர்னல் இடவரிசைப்படி எண்ணியதில் புது டிஸ்க் எஸ்டிபி ஆனது, தரவு டிஸ்க் எஸ்டிசி ஆனது. இரண்டிலும் இருந்தது ஒரே கோப்பமைப்பான இஎக்ஸ்டி4 என்பதால், டிஸ்க்குகள் இடம் மாறியும் மவுண்ட் ஒரு பிழையும் காட்டவில்லை. டேட்டாபேஸ் மட்டும் தன் கோப்புகளைக் காணோம் என்று எழ மறுத்தது. மவுண்ட் பிழையே வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்போம். எல்லாம் பச்சையாகத் தெரிந்ததுதான் எங்களை ஏமாற்றியது.

எஸ்டிபி, எஸ்டிசி என்பவை ரீபூட்டைத் தாண்டி நிலைக்கும் என்று உறுதியில்லாத பெயர்கள். ஆகவே எஃப்எஸ்டேப்பில் பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடியையே, அதாவது கோப்பமைப்பின் மாறாத அடையாள எண்ணையே, எழுத வேண்டும்; அவசியமில்லாத டிஸ்க்குகளுக்கு, அவை இல்லாவிட்டாலும் பூட்டைத் தொடரச் சொல்லும் நோஃபெயில் சேர்ப்பது நல்லது, இல்லையேல் அந்த டிஸ்க் இல்லாத நாளில் பூட்டை நடத்தும் சிஸ்டம்டி இயல்பாக 90 நொடி காத்திருந்துவிட்டு அவசரநிலைக்குள் விழும். ஃபார்மேட் கட்டளையைத் தட்டுவதற்கு முன், எல்எஸ்எஸ்சிஎஸ்ஐ கட்டளை காட்டும் எஸ்சிஎஸ்ஐ முகவரியும் கன்சோலில் உள்ள இட எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அளவை மட்டும் பார்த்து அடையாளம் காணக் கூடாது; ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருப்பது சர்வசாதாரணம். இப்போது எங்கள் குழுவில் டிஸ்க் கேட்கும் டிக்கெட்டில் இட எண்ணுக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது. அது காலியாக வந்தால் வேலையைத் தொடங்குவதில்லை.