வண்டி நின்றால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள்

கோவைக்கு வெளியே செம்மண் காட்டில் பைக் ஓட்டிப் பழகும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என் பட்டறைக்கு வருவார்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர். மற்றவர்கள் தள்ளிக்கொண்டோ, சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோ வருவார்கள். போன மாதம் அப்படி ஆட்டோவில் வந்து இறங்கியது 140 சிசி ஜப்பானிய வண்டி ஒன்று. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் உறுப்பு) வைத்தது. கூட வந்தவன் கல்லூரி மாணவன்.

"பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது அண்ணா. அப்புறம் நின்றுவிடுகிறது. மூன்று தடவை கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று."

"நிற்கும்போது எப்படி நிற்கிறது தம்பி?"

விழித்தான். நின்றால் நின்றதுதானே என்பது அவன் எண்ணம். அப்படி இல்லை. மின்சாரக் கோளாறில் நிற்கும் வண்டி, சுவிட்சை அணைத்ததுபோல ஒரே நொடியில் நிற்கும். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி இழுவை குறைந்து, இருமி, சில சமயம் கடைசியாக ஒருமுறை சீறிவிட்டு அடங்கும். பெட்ரோல் மிகுதியாகி நிற்கும் வண்டி கனத்த குரலில் முனகும். கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் இந்த மூன்றில் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஸ்பார்க் எப்போது வர வேண்டும் என்று சொல்லும் பல்சர் காயில், சூடேறியதும் மக்கர் செய்தால், அதுவும் பத்து நிமிடத்தில்தான் நிறுத்தும். நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாது.

அவன் யோசித்துச் சொன்னான்: இழுவை குறைகிறது, இரண்டு மூன்று தடவை இருமுகிறது, அணைகிறது. கொஞ்ச நேரம் நிழலில் உட்கார்ந்துவிட்டு உதைத்தால் கிளம்பிவிடுகிறது.

பட்டறைக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் நானே ஓட்டிப் பார்த்தேன். பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. இறங்கி, வேறு எதையும் தொடாமல் டேங்க் மூடியை மட்டும் திறந்தேன். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது. சிறிது பொறுத்து, மூடியைப் போட்டு உதைத்தேன். முதல் உதையிலேயே கிளம்பியது.

எண்ணெய் டின்னில் ஒரே ஓர் ஓட்டை போட்டுக் கவிழ்த்திருக்கிறீர்களா? 'குளுக் குளுக்' என்று திணறித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னோர் ஓட்டை போட்டால் ஒரே சீராக ஒழுகும். டேங்கும் அப்படித்தான். கீழே இறங்கும் பெட்ரோலின் இடத்தை நிரப்ப மேலிருந்து காற்று வர வேண்டும். சாலை வண்டிகளில் அந்த வழி பெரும்பாலும் மூடிக்குள்ளேயே மறைந்திருக்கும். காட்டில் ஓட்டுவதற்கான டர்ட் பைக்குகளில் மூடியின் நடுவிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் கிளம்பி ஹேண்டில்பார் தண்டுக்குள் செருகியிருக்கும். பலவற்றில் அந்தக் குழாயின் இடையே கட்டைவிரல் நுனி அளவில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. வண்டி கீழே சாய்ந்தால் பெட்ரோல் வெளியே கொட்டாமல் தடுப்பதும், காற்றை உள்ளே விடுவதும் அதன் வேலை. இந்தத் தம்பி வண்டியைக் கழுவும்போது அதைக் கழற்றித் துடைத்துவிட்டு, தலைகீழாக மாட்டியிருக்கிறான். வெளி நுனியில் வாய் வைத்து ஊதினால் காற்று டேங்குக்குள் போக வேண்டும். போகவில்லை. மூன்று தடவை கார்புரேட்டரைக் கழற்றியதற்கு இவ்வளவுதான் காரணம்.

பெட்ரோல் வரும் பாதையை டேங்க் மூடியிலிருந்து கீழ்நோக்கித்தான் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். கார்புரேட்டர் அந்தப் பாதையின் கடைசி. எல்லாரும் அங்கே தொடங்குகிறார்கள், ஏனென்றால் கையை வைத்தால் வேலை செய்த திருப்தி வருகிறது.

மூடி சரி என்றால் அடுத்தது சீசா. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில், பக்கத்தில் பீடியோ அடுப்போ இல்லாமல் செய்ய வேண்டியது இது. கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிச் சீசாவில் விட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்து ஒரு நிமிடம் பாருங்கள். தாரை கடைசி வரை மெலியாமல் விழ வேண்டும். மூடியைத் திறந்து வைத்தும் மெலிந்தால் டேப்புக்கு மேலே டேங்குக்குள் நிற்கும் சல்லடை அடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் டேங்க் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் புழுதி பறக்கும் இடத்தில் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றும் பழக்கத்துக்கு எந்த டேங்கும் தப்பாது.

சீசாவை உடனே கொட்டிவிடாதீர்கள். அரை மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் தெரியலாம். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஓரளவு வரை தண்ணீர் கரைந்தே இருக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். என்ஜினுக்குக் குழாய் போவதும் அடியிலிருந்துதான். மழைக்காலம் முழுவதும் பாதி டேங்கோடு மூலையில் நின்ற வண்டி, பொங்கலுக்கு எடுத்தால் ஏன் கிளம்பவில்லை என்று கேட்கிறவர்களுக்கு வேறு பதில் என்னிடம் இல்லை. பழைய வண்டிகளில் இந்தப் பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் ஊத வைத்து விரிசல் விட வைக்கிறது. ஊற்றிய பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். முடியாவிட்டால், டேப்பை மூடி கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தையாவது வடித்துவிடுங்கள்.

ஓடையைக் கடக்கும்போது மட்டும் நின்று, கரையேறிச் சற்று நேரத்தில் கிளம்பும் வண்டியும் உண்டு. கார்புரேட்டரின் பக்கங்களிலிருந்து தொங்கும் மெல்லிய குழாய்களைப் பாருங்கள். மிதவைக் கிண்ணம், அதாவது அந்த அடிக்கிண்ணம், மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். நுனிகள் தண்ணீருக்குள் முங்கினால் கிண்ணத்திலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் சரியாகப் போகாது. சேறு அடைத்துக் காய்ந்துவிட்டால் மேட்டிலும் நிற்கும். அந்தக் குழாயில் ஒரு கிளை பிரித்து டேங்குக்கு அடியில் உயரமாகக் கட்டிவிடலாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் கார்புரேட்டர். சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கை எடுத்ததும் அணைந்தால் ஸ்லோ ஜெட்டைச் சந்தேகிக்கலாம். முறுக்காமல் விட்டிருக்கும்போது பெட்ரோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துண்டு அது. 40 என்று பொறித்த ஜெட்டின் துளை ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். உலர்ந்த பெட்ரோலின் பிசின் ஒரு துளி போதும், அது அடைத்துக்கொள்ள. கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கிளீனர் தெளித்து ஊறவிட்டு, காற்று அடித்து ஊதுங்கள். கம்பி, குண்டூசி, தையல் ஊசி எதையும் நுழைக்காதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதானால் அந்த ஜெட்டைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை. இருபது ஆண்டுகளாகச் சொல்கிறேன், இருபது ஆண்டுகளாக ஊசி போட்ட ஜெட்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன.

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்துகொண்டே இருந்தால், கிண்ணம் நிரம்பியதும் பெட்ரோலை அடைக்கும் மிதவை ஊசி தேய்ந்திருக்கலாம், அல்லது ஊசிமுனையில் தூசி நிற்கலாம். இதை அலட்சியம் செய்து டேப்பையும் திறந்தே விட்டுவிட்டுத் தூங்கினால், பெட்ரோல் சொட்டுச் சொட்டாக என்ஜினுக்குள் இறங்கி ஆயிலில் கலந்துவிடும். காலையில் ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, ஆயிலை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தாலோ உதைக்காதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

பழைய ஆர்.எக்ஸ். 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆயில் பம்ப்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலக்கும் வண்டியில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. சிலிண்டருக்குள் சூடு ஏறும் அதே நேரத்தில் வழவழப்பும் போய்விடும். அப்படி இருமும் வண்டியை 'இந்த ஒரு சுற்று மட்டும்' என்று முறுக்கியவர்களின் பிஸ்டன்கள் இரண்டு என் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கப் பயன்படுகின்றன.

2020இல் புகை மாசுக்கான பி.எஸ்.6 விதி வந்த பிறகு வாங்கிய சாலை வண்டியைக் காட்டில் ஓட்டுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கார்புரேட்டர் தொல்லை இல்லை, பெட்ரோலைப் பம்ப் அழுத்தித் தெளிக்கும் இன்ஜெக்ஷன். சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி பம்ப் ரீங்கரிக்கிறதா என்று காது கொடுங்கள். கீழே விழுந்த வண்டி கிளம்பாவிட்டால் பதற வேண்டாம். சாய்வு உணரி என்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெட்ரோல் குழாயை மட்டும் நீங்களே இழுக்காதீர்கள். உள்ளே ஏறக்குறைய 3 பார் அழுத்தம். சூடான சைலன்சர்மேல் பீய்ச்சி அடிக்கும்.

தம்பியின் வண்டிக்கு வருகிறேன். வால்வைத் திருப்பி மாட்ட அரை நிமிடம் ஆனது. ஆனாலும் முறுக்காமல் விட்டால் என்ஜின் அணைந்தது, ஐடிலிங் நிலைக்கவில்லை. ஸ்லோ ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால் துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. மூன்றாவது தடவை சுத்தம் செய்தவர் யார் என்று கேட்டேன். "நான்தான் அண்ணா, ஊசியால்..." என்று இழுத்தான். புது ஜெட் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது.

இப்போது வண்டியைக் கழுவும்போது எதைக் கழற்றினாலும் முதலில் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறான். நேற்று வந்தது நம்பர் பிளேட் படம்.