ரீசார்ஜ்: கிணற்றுக்குச் செறிவூட்டலா, நீரூட்டலா?

இராமநாதபுரம் கடலோரத்தில், உச்சிப்புளிப் பக்கம் யாரிடமாவது "ரீசார்ஜ் பண்ணியாச்சா?" என்று கேட்டால் கை சட்டைப்பையில் இருக்கும் போனுக்குத்தான் போகும். பாசனத் திட்டங்களில் வரும் ரீசார்ஜ் வேறு. மழைநீரை வீணாக ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கி, கிணற்றில் நீர்மட்டத்தை உயர்த்துவது அது. இதற்கு அரசு பணம் ஒதுக்கினால் தாளில் 'நிலத்தடி நீர் செறிவூட்டல்' என்று அச்சாகிறது. அந்தச் சொல்லில்தான் எனக்குச் சிக்கல்.

முதலில் வேர். 'ரீ' என்றால் மறுபடி. 'சார்ஜ்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் பின்னால் லத்தீனில் 'கார்ருஸ்' என்றொரு சொல் இருக்கிறது. வண்டி என்று பொருள். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் சார்ஜின் பழைய பொருள். துப்பாக்கிக்கு மருந்து ஏற்றுவதும் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றுவதும் பிற்பாடு வந்து சேர்ந்தவை. (நாம் ஓட்டும் 'கார்' கூட அதே வண்டிதான்.)

தமிழில் செறிதல் என்றால் நெருங்குதல், அடர்த்தியாதல். ரேஷன் கடையில் சத்துச் சேர்த்துத் தரும் அரிசி செறிவூட்டப்பட்ட அரிசி. அணு உலைக்கு யுரேனியத்தைச் செறிவூட்டுகிறார்கள். இரண்டிலும் ஏதோ ஒன்றின் விகிதம் கூடுகிறது, சொல் சரியாகப் பொருந்துகிறது. நிலத்தடி நீரில் கூட வேண்டியது நீரின் அளவு. பள்ளிக்கூட வேதியியலிலோ செறிவு என்றால் கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் அளவு. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரத்தில் மிளகாயும் தென்னையும் வைத்திருப்பவரிடம் போய் "உங்கள் கிணற்று நீரைச் செறிவூட்டப் போகிறோம்" என்றால், இருக்கிற உப்பு போதாதா என்று அவர் கேட்கலாம்.

இந்தக் கடற்கரையின் மணலுக்கு அடியில் நடப்பதைப் பார்த்தால் பழைய லத்தீன் வண்டியே மேல் என்று தோன்றுகிறது. மழையில் இறங்கிய நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல்நீர் சற்றே கனம், நூற்றுக்கு இரண்டரை பங்கு அளவுக்கு. அந்தச் சின்ன வித்தியாசம் பெரிய வேலை செய்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை உவர்நீரை அது அழுத்தி வைக்கும். மோட்டார் போட்டு அந்த 1 அடியை இறைத்துவிட்டால், அடியிலிருக்கும் உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறப் பார்க்கும். கைபன், ஹெர்ஸ்பெர்க் என்ற இருவர் பெயரால் நீரியலில் வழங்கும் கணக்கு இது. கடலோரத்தில் ரீசார்ஜ் என்பது உண்மையிலேயே பாரம் ஏற்றுவதுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கிணற்றைப் பற்றிப் பேச நம்மிடம் இருக்கும் வினை ஊறு. "இறைச்ச கேணி ஊறும்" என்பார்கள். மணற்கேணி தோண்டத் தோண்ட ஊறுவதைக் குறளும் சொல்கிறது. மழை பெய்து தானாக நிலம் நிறைவதற்கு 'ஊறல்' போதும். நாம் செலவழித்து, குழி வெட்டிச் செய்வதற்கு 'நீரூட்டல்' என் தேர்வு. உண் என்பதன் பிறவினை ஊட்டு. செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. 'மீள்நிரப்பல்' என்றும் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் குடத்தை நிரப்புவது போல ஒரே நாளில் முடிந்துவிடும் காரியமாகத் தொனிக்கிறது.

பணத்துக்கு வருவோம். 2007-08இல் மத்திய அரசு, பாசனக் கிணறுகள் வழியாகவே நீரூட்டும் ஒரு திட்டத்தைத் தமிழ்நாடு உட்பட 7 மாநிலங்களுக்கு அறிவித்தது. வயலில் ஓடும் மழைநீரை வண்டல் படியும் குழியில் தெளியவிட்டு, குழாய் வழியே கிணற்றில் இறக்க வேண்டும். கிணறு ஒன்றுக்குச் சராசரியாக 4,000 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழுத்தொகை, மற்றவர்களுக்குப் பாதி. ஆனால் அது கடினப்பாறைப் பகுதிகளுக்கான திட்டம். இராமநாதபுரம் கடலோரம் மணலும் வண்டலும். இங்கே வேறு கணக்கு வேண்டும்.

2017இல் தமிழ்நாடு அரசு மறுபடி தொடங்கிய குடிமராமத்து அந்த வேறு கணக்கா? பாதிதான். மராமத்து, பழுதுபார்த்தலைக் குறிக்கும் அரபுச் சொல். குடிகள் செய்வதால் குடிமராமத்து. கண்மாயைத் தூர்வாரினால் வயலுக்குத் தண்ணீர் நிற்கும், நல்லதுதான். ஆனால் இந்த மாவட்டத்துக் கண்மாய்கள் பலவற்றில் அடியில் களிமண். தண்ணீர் நிற்கும், எளிதில் இறங்காது. இறங்குவது கடலோர மணல்மேட்டில். ஆகவே கேணி ஊற வேண்டுமென்று செலவிடும் காசு மணற்பாங்கான இடத்தில் கசிவுநீர்க் குட்டைக்கும், வடிகட்டியுள்ள உறிஞ்சுகுழிக்கும் போக வேண்டும் என்பது என் கருத்து. அந்த மணலை அள்ளவிட்டால் எந்த நிதியும் பலிக்காது.

சொல்லை எங்கே எப்படிப் பயன்படுத்துவது? விண்ணப்பத்தில் 'செறிவூட்டல்' என்றே எழுதுங்கள். அலுவலகத்துக்குப் பழகிய சொல் அது, மாற்றினால் தாள் திரும்பி வரலாம். கிராமசபையில் பேசும்போது 'கேணிக்கு நீரூட்ட நிதி' என்று கேளுங்கள்.