சமூக வலைப்பின்னல்: சொல்லும் பொருளும்

சமூக வலைப்பின்னல் என்பது மனிதர்களையும் அவர்களுக்கு இடையே உள்ள தொடர்புகளையும் சேர்த்துக் குறிக்கும் சொல். யாருக்கு யாரைத் தெரியும், யார் யாரிடம் கடன் கேட்பார், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவார் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அது. அந்தப் பொருளில் பார்த்தால் ஃபேஸ்புக்கோ இன்ஸ்டாகிராமோ வலைப்பின்னல் அல்ல. மனிதர்களின் பின்னல் பதிவாகவும் வளரவும் இடம் கொடுக்கும் தளங்கள் அவை. ஆனால் இன்று "சோஷியல் நெட்வொர்க்" என்று யாராவது சொன்னால் நமக்குக் கைப்பேசித் திரை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. கைப்பேசியே தொடாத பாட்டிக்கும் ஒரு சமூக வலைப்பின்னல் உண்டு என்பதை அந்தச் சொல் இப்போது நினைவூட்டுவதில்லை.

இந்தக் குழப்பத்தில் தமிழுக்கும் பங்கு உண்டு. செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அன்றாடம் புழங்கும் சொல் "சமூக வலைத்தளம்". வலைத்தளம் என்பது வெப்சைட்டுக்கு நாம் வைத்த பெயர். அதில் வரும் வலை 'வெப்'பைக் குறிக்கிறது, நெட்வொர்க்கை அல்ல. ஆக, சமூக வலைத்தளம் என்பதைப் பிரித்துப் பார்த்தால் 'சமூக வெப்சைட்' என்றுதான் நிற்கிறது. ஆங்கிலத்தில் சோஷியல் நெட்வொர்க் சைட் என்று மூன்று சொற்கள். நடுவில் இருக்கும் நெட்வொர்க்கை நாம் தமிழுக்குக் கொண்டுவரவே இல்லை. வெப்புக்கும் நெட்டுக்கும் வலை என்றே சொல்லிப் பழகியதால் விடுபட்டது கண்ணில் படவில்லை. இது சின்ன விஷயம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. விடுபட்ட அந்தச் சொல்லுக்குப் பின்னால், மனிதத் தொடர்புகளை ஆராயும் ஒரு முழுத் துறையே இருக்கிறது.

ஆங்கிலத்தில் நெட்வொர்க் என்பது முதலில் கையால் தொடக்கூடிய ஒரு பொருள். நூலாலோ கம்பியாலோ வலைபோலச் செய்த வேலைப்பாடு. 1560இல் வந்த ஜெனீவா விவிலியத்தில் பலிபீடத்துக்குச் செய்யும் பித்தளைச் சல்லடையைச் சொல்ல இந்தச் சொல் வருகிறது. பிறகு கால்வாய்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் பரவியது. மனித உறவுகளுக்கு இதைச் சொல்லத் தொடங்கியது அதற்கும் பின்னால்தான். மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல், சமூகக் கட்டமைப்பு என்பது உண்மையில் நடைமுறையில் இருக்கும் உறவுகளின் சிக்கலான வலைப்பின்னல் என்று பேசினார். ஆனால் அவர் அதை ஓர் உவமையாக மட்டுமே வைத்திருந்தார்.

உவமையைக் கருவியாக்கியவர் இன்னொரு மானிடவியலாளர், ஜான் பார்ன்ஸ். 1950களின் தொடக்கத்தில் அவர் நார்வேயின் மேற்குக் கடலோரத்தில் இருக்கும் பிரெம்னெஸ் என்ற தீவுப் பகுதிக்குப் போய்த் தங்கினார். சில ஆயிரம் பேர் வாழும் இடம். மீன்பிடிப்பும் சிறு விவசாயமும்தான் பிழைப்பு. அங்கே மனிதர்கள் எப்படிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது மூன்று தளங்கள் அவருக்குத் தெரிந்தன. முதலாவது ஊர், பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) என்று எல்லை வகுத்த நிர்வாக அமைப்பு. இரண்டாவது மீன்பிடித் தொழில்: படகு, படகில் வேலை செய்யும் குழு, கூட்டுறவுச் சங்கம். இந்த இரண்டையும் விவரிக்க ஏற்கெனவே சொற்கள் இருந்தன. மூன்றாவதுக்குத்தான் சொல் இல்லை. சொந்தம், நட்பு, தெரிந்தவர்கள் என்று விரியும் அந்தத் தளத்துக்கு எல்லையும் கிடையாது, தலைவரும் கிடையாது. ஒருவருக்குப் பலரைத் தெரியும். அந்தப் பலரில் சிலர் ஒருவரையொருவர் அறிவார்கள், சிலர் அறியமாட்டார்கள். புள்ளிகளும் அவற்றில் சிலவற்றை இணைக்கும் கோடுகளும் போல அது தன் மனத்தில் தோன்றுகிறது, புள்ளி மனிதர், கோடு தொடர்பு என்று எழுதி, அதற்கு நெட்வொர்க் என்று 1954இல் பெயரிட்டார். நாம் இன்று சோஷியல் நெட்வொர்க் என்று சொல்வதன் கல்விப்புலப் பிறப்பு அந்தக் கட்டுரைதான். முதல் சமூக வலைப்பின்னல் தளமாகப் பலரும் கருதும் சிக்ஸ்டிகிரீஸ் 1997இல்தான் வந்தது. சொல்லுக்கு வயது அதைவிட 43 ஆண்டு அதிகம்.

மனிதத் தொடர்புகளைப் படமாக வரைவது பார்ன்ஸுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. 1932இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரில் இருந்த பெண்கள் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து இரண்டு வாரத்துக்குள் 14 பேர் ஓடிப்போனார்கள். தனித்தனியாக ஒவ்வொரு பெண்ணின் குணத்தையும் அலசினால் காரணம் புரியவில்லை. மனநல மருத்துவர் ஜேக்கப் மொரேனோவும் ஹெலன் ஜென்னிங்ஸும் அங்கிருந்த பெண்களிடம் யாரோடு சேர்ந்து இருக்க விரும்புகிறாய், யாரைப் பிடிக்காது என்று கேட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வட்டம் போட்டு, வட்டங்களுக்கு இடையே கோடு இழுத்தார்கள். ஓடிப்போனவர்கள் அந்தப் படத்தில் ஒரு தொடராக வந்தார்கள். ஓடிப்போகும் எண்ணம் கோடுகளின் வழியே நடந்திருந்தது. சிலருக்கு, அவர்கள் நேரடியாக அறியாதவர்களிடமிருந்துகூட அது வந்து சேர்ந்திருந்தது. இந்தத் துறை முழுவதும் நிற்பது இந்தக் கருத்தின் மீதுதான்: ஒருவர் என்ன செய்கிறார் என்பதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமல்ல, அவர் பின்னலில் எங்கே இருக்கிறார் என்பதும் காரணம்.

சரி, தமிழில் இதற்கு முன்பே சொல் இல்லையா? நெருங்கி வரும் சொற்கள் உண்டு. முதலில் சுற்றம். 'சுற்று' என்பதிலிருந்து வந்தது. ஒருவரைச் சுற்றி இருப்பவர்கள். திருக்குறளில் சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. சுற்றத்துக்கு எப்போதும் நடுவில் ஒருவர் இருக்கிறார், என் சுற்றம், உன் சுற்றம் என்றுதான் சொல்ல முடியும். ஒருவரை நடுவில் வைத்து அவரைச் சுற்றியுள்ளவர்களை மட்டும் வரைவதை ஆய்வாளர்கள் தன்மைய வலைப்பின்னல் என்று தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். அதற்குச் சுற்றம் என்ற சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நடுவில் யாரும் இல்லாத, ஊர் முழுவதும் விரிந்த பின்னலைச் சுற்றம் என்று சொல்ல முடியாது. கிளை, கேளிர் என்ற பழைய சொற்களும் உறவினர், நண்பர் என்று மனிதரைக் குறிக்கின்றன, அவர்களை இணைக்கும் அமைப்பை அல்ல.

அப்புறம் மொய். மொய்த்தல் என்றால் நெருங்கிக் கூடுவது; கூடியவர்கள் வைக்கும் பணமும் மொய்தான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கும்போது பந்தலில் வரிசையாக உட்கார்ந்து நோட்டு எழுதுகிறார்கள். ஊர்ப் பெயர், ஆள் பெயர், தொகை. எழுதுபவர் தொகையைச் சத்தமாக ஒருமுறை சொல்லிச் சரிபார்த்துக்கொள்வார். வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுப்பது குறைவு. மேலே கொஞ்சம் சேர்த்துப் போடுவார்கள், கணக்கு இந்தப் பக்கம் தீர்ந்து அந்தப் பக்கம் தொடங்கும். ஒரு ஆய்வாளர் கையில் கொடுத்தால் அந்த நோட்டு அப்படியே ஒரு வலைப்பின்னல் வரைபடம்தான்: யார் யாருக்கு, எவ்வளவு, எந்தத் திசையில். இணையத் தளங்கள் 'நண்பர்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடும் தொடர்புக்கு இந்த நோட்டில் எடையும் திசையும் இருக்கின்றன.

பின்னல் எப்படி உருவாகிறது என்பதற்கும் சில விடைகள் கிடைத்திருக்கின்றன. முதல் காரணம் மிகச் சாதாரணமானது: பக்கத்தில் இருப்பது. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தின் குடியிருப்பில் நடந்து 1950இல் வெளியான ஆய்வில், ஒரே மாடியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் நெருங்கிய நண்பர்களாக இருந்தது 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளிப் போனால் அது 22 ஆனது, அதே மாடியின் இரு முனைகளில் இருந்தவர்களுக்கு 10 ஆனது. மாடிப்படி அருகே குடியிருந்தவர்களுக்கு மேல் மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள். அடுத்தது, ஒத்தவர் ஒத்தவரைத் தேடுவது. அதற்கடுத்தது முக்கோணம்: எனக்கு இருவரை நன்றாகத் தெரியும் என்றால் அந்த இருவரும் ஒருநாள் அறிமுகமாகிவிடும் வாய்ப்பு அதிகம். கல்யாண வீடுகளில் இது கண்ணெதிரே நடக்கும்.

முக்கோணங்கள் அடர்ந்துவிட்டால் ஒரு குறையும் வருகிறது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், எல்லோருக்கும் ஒரே செய்திதான் தெரியும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் இதைத்தான் 1973இல் எழுதினார். பாஸ்டனை ஒட்டிய நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அரிதாக என்றவர்கள் 27.8. இந்த மெல்லிய தொடர்புக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: முகப்பழக்கம். பேருந்து நிறுத்தத்தில் தலையாட்டிவிட்டுப் போகிறவர், பழைய அலுவலகத்தில் இரண்டு மேசை தள்ளி இருந்தவர். நம் வட்டத்துக்குள் இல்லாத செய்தி அவர்களிடம் இருக்கிறது. துறைச் சொல்லாக 'வலுவற்ற பிணைப்பு' என்று எழுதுவதைவிட முகப்பழக்கம் என்று எழுதினால் வாசிப்பவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும்.

இந்த மெல்லிய இழைகள்தான் உலகத்தைச் சிறிதாக்குகின்றன. உளவியலாளர் ஸ்டான்லி மில்கிரம் 1960களில் நடத்திய சோதனை பலரும் அறிந்தது. பாஸ்டனில் வேலை பார்த்த ஒரு பங்குத் தரகருக்கு, தெரிந்தவர்களின் கைமாற்றாகவே கடிதம் போய்ச் சேர வேண்டும். 1969இல் வெளியான விவரப்படி 296 தொடக்கங்களில் 64 போய்ச் சேர்ந்தன. சேர்ந்தவற்றில் இடையில் இருந்தவர்கள் சராசரி ஐந்து பேருக்குச் சற்று மேல். பெரும்பாலான கடிதங்கள் வழியில் நின்றுபோனதை நாம் மறந்துவிடுகிறோம். தொடர்பு இருப்பது வேறு, அதை ஒருவர் பயன்படுத்த முன்வருவது வேறு. பின்னர் 2011இல் ஃபேஸ்புக்கின் 72.1 கோடிப் பயனர்களை வைத்துக் கணக்கிட்டபோது இருவருக்கு இடையே சராசரித் தொலைவு 4.74 படி என்று வந்தது.

இப்போது தமிழ்ச் சொல்லைத் தேர்ந்துகொள்ளலாம். வலையமைப்பு, பிணையம், வலைப்பின்னல் என்று மூன்று புழக்கத்தில் இருக்கின்றன. பிணையம் கணினித் துறையில் எழுதப்படுகிறது. ஆனால் பிணை என்றாலே நீதிமன்றமும் ஜாமீனும் நினைவுக்கு வருவதால் மனித உறவுக்கு அது ஒட்டவில்லை. வலையமைப்பு நல்ல சொல்தான், இலங்கையில் பரவலாக வழங்குகிறது. ஆனால் அமைப்பு என்றால் யாரோ திட்டமிட்டு அமைத்தது என்ற எண்ணம் வருகிறது. சாலை, மின்சாரம், தொலைபேசி ஆகியவற்றுக்கு அது பொருந்தும். பார்ன்ஸ் கண்டது யாரும் அமைக்காத ஒன்று. அதனால் என் தேர்வு வலைப்பின்னல். வெறும் வலை என்றால் "வலை விரித்தான்", "போலீசார் வலைவீச்சு" என்று சிக்கவைப்பதைத்தான் தமிழ் நினைக்கிறது. பின்னல் சேர்ந்ததும் கவனம் பிடிப்பதிலிருந்து இழை சேர்வதற்கு மாறிவிடுகிறது.

முன்னால் வரும் சமூகம் வடமொழி 'சமூஹ'த்திலிருந்து வந்தது. கூட்டம், திரள் என்று பொருள். தனித்தமிழ் அன்பர்கள் குமுகம் என்பார்கள். அப்படி எழுதுவோரைத் தடுக்கக் காரணமில்லை, ஆனால் பொது வாசகருக்குச் சமூகம் போதும். ஒரே ஓர் எச்சரிக்கை: பேச்சில் "எங்க சமூகம்" என்றால் சாதி என்று பொருளாகிறது. சமூக வலைப்பின்னல் என்பதைச் சாதிச் சங்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதபடி முதல் முறை எழுதும்போது ஒரு வரி விளக்கம் கொடுப்பது நல்லது.

பின்னலின் உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். கோடுகள் சந்திக்கும் புள்ளியைப் பாடநூல்கள் கணு என்கின்றன; கரும்பிலும் மூங்கிலிலும் பார்த்த சொல், அப்படியே வைத்துக்கொள்ளலாம். கோட்டுக்குத் தொடர்பு, நெருக்கமானதைச் சொல்லப் பிணைப்பு. வெவ்வேறு கூட்டங்களுக்கு நடுவே இருந்து இரண்டையும் இணைப்பவரைப் பாலம் என்று எழுதலாம்.

தளங்களைச் சொல்லும்போது சமூக வலைப்பின்னல் தளம் என்று முழுதாக எழுத வேண்டும். நீளமாகத் தோன்றினால் சமூக ஊடகம் என்று எழுதலாம். செய்தி, படம், காணொளி பரவுவதைப் பற்றிப் பேசும் இடங்களில் அதுவே சரியான சொல்லும்கூட. ஆள் பிடித்துத் தொடர்பை வளர்க்கும் 'நெட்வொர்க்கிங்'குக்கு வலைப்பின்னலாக்கம் என்று எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். அது வேண்டாம். "அவருக்கு ஆள் பழக்கம் அதிகம்" என்று ஊரில் சொல்வதும், தொடர்பு வளர்த்தல் என்று எழுத்தில் சொல்வதும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன.