மாவட்டத்தின் கரிமக் கணக்கைப் படிக்கும் முன்

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஆலைகளில் எரிசக்தித் தணிக்கை செய்துவரும் என்னிடம், வேலூர் மாவட்டத்தில் கரிம உமிழ்வு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். எந்த வேலூர் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1989இல், வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. மேற்சொன்ன மூன்று ஊர்களின் கொதிகலன்களும் அவற்றோடு சென்றுவிட்டதால், 2019க்கு முந்தைய கணக்கையும் பிந்தைய கணக்கையும் நேராக ஒப்பிட்டு உமிழ்வு குறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவது பிழை.

எல்லையைச் சரிசெய்த பின், ஜப்பானிய எரிசக்திப் பொருளியலாளர் யோய்ச்சி காயாவின் சமன்பாடு நன்கு உதவும். மக்கள்தொகை, தலைக்கு வருமானம், ஒரு ரூபாய் உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல், அந்த ஆற்றலில் அடங்கிய கரிமம் ஆகிய நான்கையும் பெருக்கினால் மொத்த உமிழ்வு கிடைக்கும். ஆண்டுக்கு ஆண்டு இவற்றில் எது எவ்வளவு அசைந்தது என்று பிரித்துப் பார்ப்பதே எங்கள் வேலை.

கடைசிக் காரணியைத் தீர்மானிப்பதில் மின்சாரத்துக்குப் பெரும் பங்குண்டு. தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று தேசியத் தொகுப்போடு இணைந்தது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. இந்தியத் தொகுப்பு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆனால் உற்பத்தியாகும் இடத்தை வைத்துக் கணக்கிட்டால், இப்படி வெளியிலிருந்து வந்து நாம் பயன்படுத்தும் நிலக்கரி மின்சாரத்தின் புகை வேறொரு மாநிலத்தின் பெயரில் ஏறிவிடும். அதேபோல், ஆம்பூரில் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் காலணியின் உமிழ்வு, அதை அணிபவர் நாட்டில் அல்லாமல் நம் கணக்கில் நிற்கும். ஆகவே உற்பத்திக் கணக்கு, நுகர்வுக் கணக்கு இரண்டையும் கேட்டுப் பெறுங்கள்.

எங்கள் வட்டாரத்துக்கே உரிய சிக்கல், உற்பத்திக்குச் செலவாகும் ஆற்றல் என்ற மூன்றாம் காரணியில் இருக்கிறது. பாலாற்றைக் காக்க, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறை கட்டாயம் தேவை. ஆற்றுக்கு நேர்ந்த கேட்டைப் பார்த்த எவரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார்கள். ஆயினும், கழிவுநீரை வடிகட்டும் ஆர்.ஓ. பம்புகளுக்கு மின்சாரமும், எஞ்சும் உப்புநீரை வற்றச்செய்யும் ஆவியாக்கிகளுக்கு நீராவியும் வேண்டியிருப்பதால், அதே அளவு தோலுக்கு ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. சில ஆலைகள் பச்சைத்தோலை விடுத்து, வேறிடத்தில் குரோமியம் ஏற்றிய 'வெட் புளூ' தோலை வாங்கத் தொடங்கும்போது இங்கே கணக்கு இறங்குகிறது. அந்தச் சுமை விற்ற ஊருக்கு மாறுகிறது. உண்மையான குறைப்பு, தோலைச் சுழற்றும் டிரம்மில்தான் தொடங்குகிறது: ஊறவைக்கும் முன்பே கெடாமலிருக்கத் தூவி, தோலில் ஒட்டிய உப்பை உதறி எடுப்பதும், கழுவும் நீரை அளந்து விடுவதும், பின்னால் ஆவியாக்க வேண்டிய உப்புநீரை நேரடியாகக் குறைக்கின்றன.