தாடை சொல்லும் கணக்கு

குன்னூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆறாவது படிக்கும் அவள் மகள், குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்து, தாடைக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு "பே... சிக்... லி" என்று முனகிக்கொண்டிருந்தாள். குளிரில் பல் அடிக்கிறதோ என்று நினைத்தேன். ஆங்கில வீட்டுப்பாடமாம், அட்வெர்புகளை, அதாவது ஒரு செயல் எப்படி நடக்கிறது என்பது போன்றவற்றைச் சொல்லும் சொற்களை, சிலபிள் சிலபிளாக, ஒலித்துண்டுகளாகப் பிரிக்க வேண்டும்.

தாடை வைத்தியம் நல்ல வைத்தியம்தான். பெரும்பாலும் ஒவ்வொரு சிலபிளின் நடுவிலும் ஓர் உயிரொலி இருக்கும். அதற்கு வாய் திறந்தாக வேண்டும், தாடை இறங்கும். 'ஸ்லோலி'க்கு இரண்டு இறக்கம், 'பியூட்டிஃபுலி'க்கு நான்கு. எழுத்தைப் பார்த்து எண்ணினால்தான் வம்பு. 'பேசிக்கலி' எழுத்தில் நான்கு. பேச்சில் நடுவிலுள்ள 'கல்'லின் உயிரொலி கரைந்து, பெரும்பாலும் மூன்றுதான்.

பொருளை வைத்துப் பிரித்தால் கணக்கே மாறும். 'பியூட்டிஃபுலி'யில் பியூட்டி, ஃபுல், லி என மூன்றே துண்டு. 'பேசிக்கலி'யிலோ பேஸ், இக், அல், லி என நான்கு. ஒன்றில் ஒலி மிச்சம், மற்றதில் பொருள் மிச்சம்.

தமிழில் 'அழகாக' என்ற சொல்லை எடுங்கள். யாப்பில் அழ/கா/க, நிரை நேர் நேர், புளிமாங்காய். இலக்கணத்தில் அழகு + ஆக. 'அழகு' கடைசி உகரத்தை விட்டுவிட, மிஞ்சிய 'க்' மேல் 'ஆ' ஏறிக்கொள்கிறது. அதாவது பொருளின் எல்லை 'கா' என்ற ஒற்றை எழுத்தின் வயிற்றுக்குள் ஓடுகிறது! 'ஜென்ட்டில்' என்பதோடு 'லி' சேர்ந்து 'ஜென்ட்லி' ஆகும்போதும் இதே கூத்து: இரண்டுக்கும் சேர்த்து ஒரே 'ல்'.

அந்த 'லி' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் 'லீச்' என்றால் உடல், உருவம். அதிலிருந்து வந்த 'லீச்செ' என்ற விகுதி தேய்ந்து 'லி' ஆனது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் 'லைஷெ'க்கு இன்று பிணம் என்று பொருள்.

"லீச்சுன்னா அட்டை இல்லையா மாமா?" என்றாள். மழைக்காலத்தில் சோலைக்குள் போனால் காலில் ஏறுகிற அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்வதில் குணம் ஒன்றுதான். 'ஃபேமிலி'யில் அது ஒட்டவே இல்லை, வெறும் ஒலிச்சாயல். 'ஃபிரெண்ட்லி'யில் ஒட்டியிருக்கிறது, ஆனால் அது அட்வெர்ப் அல்ல, பெயர்ச்சொல்லை விவரிக்கும் அட்ஜெக்டிவ்.

மறுநாள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் 'கோ ஸ்லோ' என்று ஒரு பலகை. 'லி' இல்லாமலே அட்வெர்ப். ஆங்கிலத்தில் அதுவும் பழைய வழக்கம்தான். தாடைக்கு ஒரே இறக்கம்.