ஸ்பீக்கரை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். போன ஆவணியில் அங்கே எதிரொலியை அளவெடுக்கப் போனபோது முகூர்த்தம் நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பாட்டி காது மெஷினைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டு இறுக்கிக்கொண்டார். "பேத்தி கல்யாணம் சாமி. யாரு என்ன பேசறாங்கன்னே வெளங்கல, எரைச்சல்தான் கேக்குது" என்றார். அந்த முகம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

மண்டபத்துக்காரர் அதற்குள் மூன்று தடவை ஸ்பீக்கர் மாற்றிவிட்டார். கோளாறு அதில் இல்லை. தரை முழுக்க நம்மூர் கிரானைட், சுவரெல்லாம் டைல்ஸ், ஒரு பக்கம் கண்ணாடி. பளபளப்பான கல், மேலே படும் ஒலியில் நூற்றில் இரண்டு பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. ஒரு சொல் அடங்குமுன் அடுத்த சொல் அதன்மேல் வந்து விழுகிறது. வால்யூமைக் கூட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் இந்த முழக்கமும் சேர்ந்தே கூடும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. 1895-ல் ஹார்வர்டில் பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அங்கே இயற்பியல் ஆசிரியராக இருந்த வாலஸ் சபைனிடம் வந்தது. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட சூத்திரம்தான் இன்றும் எங்களுக்குக் கைவிளக்கு: ஹாலின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுக்க வேண்டும். 1,200 கன மீட்டர் ஹாலில் உறிஞ்சும் பரப்பு 40 சதுர மீட்டர்தான் என்றால், முழக்கம் அடங்க ஏறக்குறைய 5 நொடி. சுவரில் ஒலியை உறிஞ்சும் நல்ல பேனல் 100 சதுர மீட்டர் ஏறினால் ஒன்றரை நொடிக்கு இறங்கிவிடும்.

பேனல் அழகைக் கெடுக்கும் என்று பயப்பட வேண்டாம். 2 அங்குல ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகை, சுற்றிலும் சட்டம், மேலே துணி. துணியில் ஒகேனக்கல் அருவியையோ மாந்தோப்பையோ அச்சடிக்கலாம். ஆனால் வாய் வைத்து ஊதினால் காற்று உள்ளே போகிற துணியாக இருக்கட்டும். பிளக்ஸ் ஒட்டினாலோ பெயின்ட் அடித்தாலோ பேச்சின் கூர்மையான ஒலிகள் மறுபடி திரும்பத் தொடங்கிவிடும். தவில் போன்ற கனத்த ஒலிக்குச் சுவருக்கும் பேனலுக்கும் நடுவே 2 அங்குல இடைவெளி விடுங்கள். மேடைக்கு எதிர்ச்சுவர்தான் முதலில்.

தெர்மாகோலும் முட்டை அட்டையும் வீண் செலவு. மலிவு ஃபோம் தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்கும். கூட்டம் கூடும் இடத்தில் தயவுசெய்து வேண்டாம். நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தையும் பேனல் தடுக்காது, அதற்குக் கதவு ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும்.

காலி ஹாலின் நடுவில் நின்று ஒரு தடவை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். செல்போன் ஸ்டாப்வாட்ச் இரண்டு நொடி தாண்டிய பிறகும் ஒலி காதில் நின்றால், ஸ்பீக்கர் கடைக்குப் போகாதீர்கள்.